பட்டாணிப் பேத்தை மீனைச் சிறு தொட்டியில் வளர்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகளில் ‘பீ பஃபர்’ என்ற பெயரில் விற்கப்படும் சிறு பேத்தை மீனை வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தொடக்கத்தில் அறியாமையால் சில மீன்களை இழந்திருக்கிறேன். அந்த அனுபவங்களும் பதில்களில் வரும்.

இது என்ன மீன்? எங்கே வாழ்கிறது?

நம் கடற்கரைகளில் வலையில் சிக்கும் பேத்தை மீனின் குடும்பத்தைச் சேர்ந்ததே இது. ஆனால் கடலையோ உப்பங்கழியையோ சாராமல் தன் வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிக்கும் இனம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகளில், பெரும்பாலும் கேரளத்திலும் கர்நாடகத்தின் தென்பகுதியிலும் மட்டுமே இது இயற்கையாக வாழ்கிறது. 1941ஆம் ஆண்டில் ஹோரா, நாயர் என்ற இரு மீனியல் அறிஞர்கள் பம்பை ஆற்றில் பிடிக்கப்பட்ட மீன்களைக் கொண்டு இதை முதன்முதலில் விவரித்தார்கள். அப்போதைய திருவிதாங்கூர் நாட்டின் பெயரே இதன் அறிவியல் பெயரான கேரினோடெட்ராடான் திராவன்கோரிகஸ் என்பதில் நிலைத்துவிட்டது. முழு வளர்ச்சியடைந்த மீன் பொதுவாக இரண்டரை செ.மீ. நீளமே இருக்கும், மூன்றரை செ.மீ.யைத் தாண்டுவதில்லை. உலகில் உள்ள பேத்தை இனங்களில் மிகச் சிறியவற்றுள் இதுவும் ஒன்று.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது ‘அழிவாய்ப்பு இனம்’ என்று இடம்பெற்றிருக்கிறது. வாழிடம் சுருங்குவதும், வண்ணமீன் வணிகத்துக்காக ஆறுகளிலிருந்து தொடர்ந்து பிடிக்கப்படுவதும் இதற்கான காரணங்கள். கடையில் நாம் காணும் மீன்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவை அல்ல. சில வாரங்களுக்கு முன்புவரை ஏதோ ஓர் ஆற்றங்கரைப் பாசிக்குள் இரை தேடிக்கொண்டிருந்தவை. ஒரு மீன் செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு இந்த மீனை அணுக வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். நன்றாகப் பராமரித்தால் நான்கைந்து ஆண்டுகள் உயிர் வாழும்.

பேத்தை மீன் என்றால் தண்ணீரில் உப்பு சேர்க்க வேண்டும் என்கிறார்களே?

இந்த இனத்துக்கு வேண்டாம். உவர்நீரில் வாழும் வேறு பேத்தைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரையை இதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். உப்பு சேர்ப்பதால் இந்த மீனுக்கு எந்த நன்மையும் இல்லை. தொட்டியில் உள்ள செடிகள்தான் அழுகும்.

கடையில் சரியான இனத்தைத்தான் தருகிறார்கள் என்று எப்படி அறிவது?

குஞ்சுப் பருவத்தில் எல்லாப் பேத்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பச்சைப்புள்ளிப் பேத்தை என்ற இனத்தின் முதுகு பளிச்சென்ற இளம்பச்சையாகவும், அதன்மேல் வட்ட வட்டமான கரும்புள்ளிகள் தெளிவாகவும், வயிறு தூய வெள்ளையாகவும் இருக்கும். அது 15 செ.மீ. வரை வளரும், வளர வளர உவர்நீர் கேட்கும், சிறு தொட்டிக்கு ஒருபோதும் பொருந்தாது. முதுகில் எட்டு என்ற எண்ணைப் போன்ற மஞ்சள் வளைவுகள் கொண்ட இன்னோர் இனமும் உவர்நீரை விரும்புவதே. பட்டாணிப் பேத்தையின் உடல் மங்கலான மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் இருக்கும்; விலாவில் ஒழுங்கற்ற கருந்திட்டுகள் காணப்படும். ஐயம் எழுந்தால் அன்று வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இனத்தை உறுதிசெய்த பிறகு வயிற்றைப் பாருங்கள். நலமான மீனின் வயிறு பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சற்றே உருண்டிருக்கும். மேலிருந்து பார்க்கும்போது தலை மட்டும் அகலமாகவும் உடல் கத்தியைப் போல ஒடுங்கியும் தெரிந்தால், அந்த மீன் பல நாள் பட்டினி கிடந்திருக்கிறது, அல்லது குடற்புழுவோடு இருக்கிறது. இரண்டுமே சேர்ந்திருப்பதும் உண்டு. இரை போட்டுக் காட்டும்படி கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். சென்னையில் கொளத்தூர் போன்ற இடங்களில் அடுத்தடுத்துப் பல வண்ணமீன் கடைகள் இருப்பதால், நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு உண்டு.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? எத்தனை மீன் விடலாம்?

ஒரே ஒரு மீன் என்றால் 20 லிட்டர் போதும். இரண்டரை செ.மீ. மீனுக்கு இது அதிகம் என்று தோன்றலாம். ஆனால் இது ஓரிடத்தில் நிற்கும் மீன் அல்ல. நாள் முழுவதும் ஒவ்வொரு இலையின் அடியிலும் எட்டிப் பார்த்து இரை தேடித் திரியும். தொட்டி சிறியதாக இருந்தால் தண்ணீரின் தரமும் விரைவில் கெட்டுவிடும். குடுவைகளிலும் மேசை அலங்காரக் கிண்ணங்களிலும் இதை வைக்கவே கூடாது.

மூன்று மீன்கள் என்றால் 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியைப் பரிந்துரைப்பேன். கணக்குப்படி அது 40 லிட்டர். மணலும் கல்லும் போக 35 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆறு மீன்கள் வேண்டுமானால் தொட்டி 75 லிட்டருக்குக் குறையக் கூடாது. எண்ணிக்கையைவிட ஆண், பெண் விகிதமே முதன்மையானது. ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் இருந்தால் சண்டை சிதறிப்போகும். இரண்டு ஆண்களை மட்டும் சிறிய தொட்டியில் விட்டால், வலிய ஆண் மெலிந்ததை ஒரு மூலைக்கு விரட்டி, அது இரை எடுக்க முடியாமல் இளைத்துச் சாகும்வரை விடாது.

நீளவாக்கில் பார்த்தால் மறுபக்கச் சுவர் தெரியாத அளவுக்குச் செடி இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவுகோல். ஒரு மீனின் பார்வையிலிருந்து இன்னொன்று மறைய முடிந்தால் துரத்தல் அங்கேயே நின்றுவிடும். வேலம்பாசி, வாலிஸ்நேரியா, ஹார்ன்வோர்ட், ஜாவா மாஸ் ஆகியவை எளிதில் கிடைப்பவை. பலத்த விளக்கும் கேட்காதவை. காய்ந்த நாட்டுவாதுமை இலைகள் சிலவற்றை அடியில் போட்டால், மீனுக்கு ஒளியுமிடமும் கிடைக்கும், இலைமேல் படரும் நுண்ணுயிர்களும் பெருகும்.

எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அதைப் பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் பயன்படுத்தலாம். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். 6.8 முதல் 8 வரை இருந்தால் இந்த மீன் ஏற்றுக்கொள்ளும், ஓரளவு கடினநீரிலும் வாழும். குறிப்பிட்ட ஓர் எண்ணை எட்டுவதற்காக நாள்தோறும் மருந்து ஊற்றி ஏற்றி இறக்குவதைவிட, உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படியோ அப்படியே நிலையாக வைத்திருப்பது நல்லது. குடிக்க முடியாத அளவுக்கு உப்புக் கரிக்கும் நீர் என்றால் மட்டும், ஆர்.ஓ. நீரைச் சரிபாதி கலந்து பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. நீரை மட்டும் தனியாகப் பயன்படுத்தக் கூடாது. அதில் தாதுக்கள் இல்லாததால் பி.எச். திடீரென்று சரிந்துவிடும்.

மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். ஆனால் குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்திருந்தால் அது அவ்வாறு போகாது. அதற்குக் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆழ்துளை நீரில் வளர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா, பி.எச். 7 உள்ள மிதவெப்ப நீரில் பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவத்திலேயே இருக்கிறது. பி.எச். 8ஆகவும் வெப்பநிலை 30 டிகிரியாகவும் இருக்கும்போது, அதே அளவு அமோனியாவில் நஞ்சாகும் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே நம் ஊர்க் கோடையில் கொஞ்சம் அமோனியா இருந்தாலும் அது கொஞ்சம் அன்று.

தொட்டி வாங்கிய அன்றே மீனை விடலாமா?

கூடாது. அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேறுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வளர்ப்பவர்கள் இதை ‘சைக்ளிங்’ என்பார்கள். தொட்டியில் செடி நட்டு, வடிகட்டியை ஓடவிட்டு, நாளுக்கொரு சிட்டிகை மீன் உணவு போட்டு வாருங்கள்; அது அழுகி அமோனியாவைத் தரும், பாக்டீரியாவுக்கு அதுவே உணவு. சோதனைத் துளிகளைக் கொண்டு பார்க்கும்போது அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகவும், நைட்ரேட் மட்டும் ஓரளவும் காட்டினால் தொட்டி பக்குவப்பட்டுவிட்டது என்று பொருள். வேறொருவருடைய பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வாங்கி உங்கள் வடிகட்டியோடு வைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

வடிகட்டிக்கு, ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே மிகப் பொருத்தம். இந்த மீன் மெதுவாக நீந்துவது. பலத்த நீரோட்டத்தில் களைத்துப்போகும். ஸ்பாஞ்சைக் கழுவும்போது குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை தண்ணீரை மாற்றினால் போதும்.

என்ன தீவனம் கொடுக்க வேண்டும்? குருணைத் தீவனத்தைத் தொடவே மாட்டேன் என்கிறதே?

என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்குமேல் இதுவே. இது மீனின் பிடிவாதம் அன்று. அசையும் உயிரினங்களைத் தேடி, உற்றுநோக்கி, கொத்திப் பிடிக்கும்படி அமைந்த உடல் இது. மிதக்கும் குருணையோ செதில் தீவனமோ இதன் கண்ணுக்கு இரையாகவே தெரிவதில்லை. குருணைக்குப் பழகிய மீன்கள் எங்கோ ஒன்றிரண்டு இருக்கலாம். அதை நம்பி மீன் வாங்கக் கூடாது. பசித்தால் தானே தின்னும் என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு முதன்முதலில் விற்ற மூன்று மீன்களும் பசியோடு காத்திருந்தே இளைத்தன. பன்னிரண்டாம் நாள் ஒன்று இறந்த பிறகுதான், குருணையைத் தூக்கி வைத்துவிட்டு, கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவந்த இளம்புழுவான இரத்தப்புழுவை உறைந்த வடிவில் வாங்கி வந்தேன்.

உறைந்த இரத்தப்புழு கட்டிகளாக எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. ஒரு கட்டியில் நகக்கண் அளவு கிள்ளி, தொட்டித் தண்ணீரில் கரைத்து, இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக மீனுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினால், உயிருள்ள இரை என்று எண்ணிக் கொத்தும். சில நாள்களில் இடுக்கியைக் கண்டாலே ஓடிவரும். டாஃப்னியா எனப்படும் நீர்த்தெள்ளு, முட்டையிலிருந்து பொரியவைத்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிறால் ஆகியவை மிக நல்ல உணவு. டியூபிஃபெக்ஸ் புழு மலிவாகக் கிடைத்தாலும் அது பெரும்பாலும் சாக்கடைச் சேற்றிலிருந்து எடுக்கப்படுவதால் நான் தவிர்த்துவிடுகிறேன். நாளுக்கு இரண்டு முறை, வயிறு மெல்ல உருளும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். தின்னாமல் மிஞ்சியதை அரை மணி நேரத்துக்குள் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்; சிறிய தொட்டியைக் கெடுப்பதில் அழுகும் இரத்தப்புழுவுக்கு இணை எதுவுமில்லை.

நத்தை கட்டாயமா? அதை எங்கே வாங்குவது?

நத்தையை வாங்க வேண்டாம், வளர்க்க வேண்டும். இன்னும் சொல்வதானால், மீனை வாங்குவதற்கு ஒன்றரை மாதம் முன்பே நத்தை வளர்க்கத் தொடங்க வேண்டும். தொட்டி பக்குவப்படுவதற்கு ஆகும் காலமும் நத்தை பெருகுவதற்கு ஆகும் காலமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது நமக்கு வசதி.

நீர்ச்செடி வாங்கும்போது இலைகளில் ஒட்டிக்கொண்டு இலவசமாகவே சிறு நத்தைகள் வந்துவிடும். ராம்ஸ்ஹார்ன் எனப்படும் தட்டை நத்தையும், கூர்நுனி கொண்ட சிறிய குளத்து நத்தையும் மெல்லிய ஓடு உள்ளவை. இந்த மீனின் வாய்க்கு ஏற்றவை. பத்து லிட்டர் வாளி அல்லது பழைய கண்ணாடி ஜாடியில் ஏழெட்டு நத்தைகளை விட்டு, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த கீரை, வெள்ளரித் துண்டு, வாதுமை இலை ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஓடு உறுதிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்கு ஒரு துண்டு கணவாய் ஓடோ கழுவிக் காய்ந்த முட்டையோடோ போதும். கண்ணாடிமேல் கூழ்போன்ற முட்டைப்பைகள் ஒட்டத் தொடங்கும். இரண்டு வாரங்களுக்குள் அவை பொரியும். வாளியில் நத்தை எண்ண முடியாத அளவுக்குப் பெருகும்போது, மீன் வாங்கக் கடைக்குப் போகலாம்.

மீனின் கண்ணளவோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ உள்ள நத்தைகளைப் போடுங்கள். அதன்பின் தொட்டியின் முன் உட்கார்ந்து பாருங்கள். மீன் நத்தைக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் வந்து அசையாமல் நிற்கும். முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் பக்கத் துடுப்புகளும் மட்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, வால் ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கும். ஒரு கண் நத்தைமேல் இருக்கும்போதே மற்றொரு கண் தனியாகச் சுழன்று உங்களைப் பார்க்கும். நத்தை ஓட்டிலிருந்து தலையை நீட்டும் அந்த நொடியில் ஒரே கொத்து. ஓடு சுழன்றபடி கீழே இறங்கும். மீன் அதைத் தொடர்ந்து போய் மிச்சத்தையும் உறிஞ்சி எடுக்கும். இந்த வேட்டைக்கு இடம் கொடுக்காமல் வயிற்றை மட்டும் நிரப்பினால், மீன் உயிரோடு இருக்கும் என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது.

வயலிலும் குளத்திலும் பிடித்த நத்தைகளைப் போடாதீர்கள். அவற்றின் உடலில் மீனுக்குப் பரவக்கூடிய தட்டைப்புழுக்களின் இளம்பருவங்கள் இருக்கலாம். நீண்ட கூம்பு வடிவ ட்ரம்பெட் நத்தையின் ஓடு இந்தச் சிறு வாய்க்கு மிகக் கடினம், அதையும் விட்டுவிடுங்கள்.

பல் வளர்ந்துகொண்டே போகும் என்பது உண்மையா?

உண்மை. இக்குடும்பத்து மீன்களின் மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு பற்கள் ஒன்றுசேர்ந்து கிளிமூக்குப் போல அமைந்திருக்கின்றன. அறிவியல் பெயரில் உள்ள ‘டெட்ராடான்’ என்பதற்கு நான்கு பல் என்றே பொருள். அவை வாழ்நாள் முழுவதும் வளர்பவை. பெரிய பேத்தைகளுக்குப் பல்லை வெட்டிவிட நேர்வதுண்டு. பட்டாணிப் பேத்தைக்கு அந்த நிலை வருவது அரிது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நத்தை கிடைத்தால் வரவே வராது என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

மாடியில் வாளி வைத்துக் கொசுப்புழு வளர்த்துக் கொடுக்கலாமா?

மீன் மிக விரும்பித் தின்னும் என்பதில் ஐயமில்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. வெயில் காலத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். ஒரு நாள் மறந்தால் தெருவுக்கே தீங்கு. டாஃப்னியா வளர்ப்பது அதே அளவு எளிது என்பதால், இதைச் செய்யாதீர்கள் என்றே சொல்கிறேன்.

கப்பி, நியான் டெட்ரா, இறால் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கலாமா?

வேண்டாம். சேர்த்து வைத்து நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவர்கள் முதல் மாதத்தில் இருப்பவர்கள். குஞ்சாக வந்த பேத்தை தன் இடத்தை அறிந்து வளர்ந்ததும், கப்பியின் தோகை வால் அதற்கு அசையும் இரையாகத் தெரியத் தொடங்கும். பெட்டாவைப் போன்ற மெதுவான மீன்களின் நிலை இன்னும் மோசம். செர்ரி இறால்கள் அடர்ந்த பாசிக்குள் ஒளிந்து சில பிழைக்கும், குட்டிகள் மிஞ்சா. இந்த இனத்துக்கென்றே ஒரு தொட்டி என்று தீர்மானித்துவிட்டால், பிற மீன்களின் உயிருக்கும் இதன் இயல்புக்கும் இடையே நீங்கள் தவிக்க நேராது.

ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்தறிவது?

ஒன்றரை செ.மீ. அளவில் விற்கப்படும் குஞ்சுகளில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்த பிறகு ஆணின் அடிவயிற்று நடுவில் தாடையிலிருந்து பின்னோக்கி ஒரு கருங்கோடு தோன்றும். கண்ணுக்குப் பின்னால் நெளிநெளியாக மினுக்கும் சுருக்கக் கோடுகளும் தெரியும். சண்டையின்போதும் இணை தேடும்போதும் முதுகிலும் வயிற்றிலும் தோலைப் படகின் அடிக்கட்டை போல விளிம்பாக நிமிர்த்திக்கொள்ளும். இந்தப் பேரினத்தின் பெயரில் ‘கேரினோ’ என்ற முன்னொட்டு வந்தது அதனால்தான். பெண் உருண்டையாகவும் வயிற்றில் கோடின்றியும் இருக்கும். குஞ்சுகளாக வாங்கும்போது, பின்னாளில் கூடுதலாக உள்ள ஆணுக்கு வேறு தொட்டி தர வேண்டிவரும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

கண்ணாடியை ஒட்டி மேலும் கீழுமாக ஓயாமல் நீந்துகிறது. நோயா?

நோயாக இருக்க வேண்டியதில்லை. புதிய தொட்டிக்கு வந்த முதல் வாரத்தில் பெரும்பாலான மீன்கள் இப்படிச் செய்யும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வேற்று மீன் என்று எண்ணுவதும் உண்டு. வாரங்கள் கடந்தும் நிற்கவில்லை என்றால் முதலில் அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். அவை சரியாக இருந்தால் செடி போதவில்லை, அல்லது தேடித் திரிய எதுவுமில்லாமல் மீன் சலித்திருக்கிறது. பக்கக் கண்ணாடிகளின் வெளிப்புறத்தில் கருந்தாள் ஒட்டி, நான்கு நத்தைகளையும் விட்டுப் பாருங்கள்.

நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருக்கிறதே?

ஆற்றில் பிடிக்கப்பட்ட மீன்களில் இது மிகப் பரவலான சிக்கல். குடலில் உள்ள புழுக்கள் உணவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கழிவு வெள்ளை நூலாகத் தொங்குவதும் இதன் அறிகுறி. நாடாப்புழுவுக்குப் பிரசிகுவாண்டல், உருளைப்புழுவுக்கு லெவமிசோல் என இரண்டு மருந்துகள் பயன்படுகின்றன. அளவை உங்கள் தொட்டியின் உண்மையான நீரளவைக் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும் என்பதால், மீன் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். புதிதாக வாங்கிய மீன்களை மூன்று நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனிப்பது இதனால்தான் தேவையாகிறது.

இந்த மீனுக்குச் செதில் இல்லை. வெண்புள்ளி நோய் முதலியவற்றுக்கு விற்கப்படும் மருந்துகளைப் பிற மீன்களுக்குச் சொன்ன முழு அளவில் ஊற்றினால் தாங்காது. செம்பு கலந்த மருந்துகளை அறவே தவிர்க்க வேண்டும்.

பந்துபோல் உப்புவதைக் குழந்தைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள். உப்பச் செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். உப்புவது உயிர்ப் பயத்தில் அது எடுக்கும் கடைசி முயற்சி. வலையில் அள்ளித் தண்ணீருக்கு வெளியே தூக்கும்போது உப்பினால் தண்ணீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும். அந்தக் காற்றை வெளியேற்ற முடியாமல் தலைகீழாக மிதந்து இறந்துபோகும் மீன்கள் உண்டு. இடம் மாற்ற வேண்டியிருந்தால் ஒரு குவளையைத் தண்ணீருக்குள்ளேயே தாழ்த்தி, மீனைத் தண்ணீரோடு சேர்த்து எடுங்கள். சில நேரங்களில் யாரும் தொந்தரவு செய்யாமலே அரைகுறையாக உப்பி அடங்கும். அதைக் குறித்துக் கவலை வேண்டாம்.

கோடையையும் மின்வெட்டையும் எப்படிச் சமாளிப்பது?

22 முதல் 28 டிகிரி செல்சியஸ் இதற்கு இதமான வெப்பநிலை. உதகை, கொடைக்கானல் போன்ற ஊர்களைத் தவிர நமக்கு ஹீட்டர் தேவைப்படாது. சிக்கல் மறுபக்கத்தில்தான். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனின் தேவையோ கூடும். மூடியைத் திறந்து வலை போட்டு, நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறியைத் திருப்பிவைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் நீரை நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டும். ஆவியில் போவது தண்ணீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கிச் செறிந்துவிடுவதால், ஈடுசெய்ய ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துவது நல்லது. பனிக்கட்டியைப் போட்டுக் குளிரவைக்க வேண்டாம். மின்வெட்டுக்குப் பேட்டரியில் இயங்கும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கிவைத்தால் மீனும் ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவும் தப்பிக்கும்.

பேத்தை நஞ்சுள்ள மீன் ஆயிற்றே. வீட்டில் வைப்பது ஆபத்தா?

கடற்பேத்தைகள் பலவற்றின் ஈரலிலும் முட்டைப்பையிலும் டெட்ரோடோடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆகவே இந்தக் குடும்பத்து மீன் எதையும் உண்ணத் தகாதது என்றே கொள்ளுங்கள்; பூனை உள்ள வீடுகளில் தொட்டிக்கு மூடி கட்டாயம். தொட்டிக்குள் கைவிடுவதாலோ தண்ணீர் படுவதாலோ தீங்கு இல்லை.

வீட்டுத் தொட்டியில் முட்டையிடுமா?

இடும். நன்கு இரை தின்று கொழுத்த பெண்ணை ஆண் விடாமல் பின்தொடர்ந்து, பாசிக் கொத்துக்குள் இட்டுச் சென்று, அங்கே முட்டைகள் இடப்படும். ஜாவா மாஸ் அடர்ந்த தொட்டியில் இது நாம் அறியாமலே நடந்துவிடும். பெரிய மீன்கள் முட்டையைத் தின்றுவிடுவதால், ஓர் உறிஞ்சுகுழாயால் முட்டைகளைச் சேகரித்து அதே தண்ணீர் கொண்ட சிறு பாத்திரத்தில், காற்றுக் குமிழி மெல்ல ஓடும்படி வைக்க வேண்டும். 27 டிகிரியில் ஐந்து நாள் அளவில் பொரியும். முதல் நாள்களில் பாசித் தண்ணீரில் பெருகும் நுண்ணுயிர்களும், அடுத்து அப்போதே பொரித்த ஆர்ட்டீமியாவும் உணவு. குஞ்சுகளின் அளவில் வேறுபாடு தோன்றியவுடன் பிரித்துவிடுங்கள். பெரியவை சிறியவற்றைக் கடிக்கும்.

இதில் பொறுமையுள்ளவர்கள் இறங்க வேண்டும் என்பது என் பெரிய விருப்பம். வீட்டில் பிறந்த குஞ்சு ஒவ்வொன்றும் ஆற்றிலிருந்து எடுக்கப்படாத ஒரு மீன். அவை குடற்புழுவின்றி வளர்வதோடு, நாம் தரும் இரைக்கும் எளிதில் பழகிவிடுகின்றன.

ஊர் மாறிப் போகிறோம், இனி வளர்க்க முடியாது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?

விடக் கூடாது. தமிழகத்து ஏரிகள் இதன் வாழிடம் அல்ல. பிழைத்தால் அங்குள்ள சிறு உயிர்களுக்குக் கேடு, பிழைக்காவிட்டால் இதற்கு வேதனை. கேரளத்து ஆற்றுக்கே கொண்டுபோய் விட்டாலும், தொட்டியில் தொற்றிய நோயை அங்குள்ள மீன்களுக்குக் கொண்டுசேர்த்தவர் ஆவோம். வேறொரு வளர்ப்பாளரைத் தேடிக் கொடுங்கள். கொடுக்கும்போது மீனை மட்டும் கொடுக்காமல், பக்குவப்பட்ட ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் நத்தை வாளியையும் சேர்த்துக் கொடுங்கள். வாங்குபவர் அன்றே தொடங்கலாம்.